டமாரத்தின் வலது கை

குழந்தைகளுக்கான டிவி நிகழ்ச்சிகளின் வரலாற்றை எழுதுகிறேன் என்று வருஷத்துக்கு ஒருத்தராவது என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். உட்காரவைத்துக் காபி கொடுத்தால், சுற்றி வளைத்து ஒரே கேள்விக்குத்தான் வருவார்கள். "அன்னிக்கு டமாரம் அழுதது ஸ்கிரிப்ட்லயே இருந்துதா?" போட்டுப் பார்க்கப் படச்சுருள் கிடையாது. அப்போது எல்லாமே நேரலை, காற்றில் போனது போனதுதான். அதனால் ஆளாளுக்கு ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு தடிப் புத்தகத்தில் அதை டைரக்டரின் துணிச்சலான முடிவு என்று போட்டிருக்கிறது. துணிச்சலாவது, முடிவாவது. அந்த மனுஷர் அன்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டமாரம் ஒரு கைப்பொம்மை. கரடியா பூனையா என்று பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். கேட்டால் "நான் டமாரம்" என்று மட்டும் சொல்லும். அதனிடம் ரகசியம் தங்காது, அதனால் வந்த பேர். வாராவாரம் நிகழ்ச்சியை நடத்துகிற டிவி அத்தை அதன் காதில் ஒரு ரகசியம் சொல்வாள். நிகழ்ச்சி முடிவதற்குள் டமாரம் அதை ஊரறிய உளறிவிட்டு, ஐயய்யோ என்று வலது கையால் தன் வாயைத் தானே பொத்திக்கொள்ளும். மொத்த நிகழ்ச்சியும் அவ்வளவுதான். அதற்குத் தெருவில் ஒரு பிள்ளை இருக்காது, எல்லாம் டிவி இருக்கிற வீட்டில் போய் அடைந்திருக்கும்.

டமாரத்தின் தலை, வாய், குரல், இடது கை எல்லாம் என் வீட்டுக்காரர். வலது கை மட்டும் நான். வாயை ஆட்டுகிறவரே இரண்டு கையையும் ஆட்ட முடியாதில்லையா, அதற்காக இந்தப் பங்கீடு. வீடு மாதிரி வரைந்த ஒரு பலகைக்குப் பின்னால், அவர் வலது கையைத் தூக்கித் தலைக்குள் விட்டிருப்பார். அவருடைய அக்குளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நான் என் கையைத் தூக்கியிருப்பேன். காதல் திருமணமா என்று கேட்கிறவர்களிடம் அக்குள் திருமணம் என்பார். அவர் உளறுவார், நான் வாயைப் பொத்துவேன். வீட்டில் முடியாததை ஸ்டூடியோவில் செய்துகொண்டேன்.

டமாரம் கைதட்டினால் அது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தட்டுவது. இரண்டு கை தட்டினால்தான் ஓசை என்று புருஷன் பெண்டாட்டி சண்டைக்குச் சொல்வார்களே, எங்களுக்கு அதுவே தொழில். காலையில் வீட்டில் சண்டை நடந்திருந்தால் சாயங்காலம் டமாரத்தின் கைதட்டல் பிசுபிசுத்துப்போகும். மேக்கப் போடுகிற பெண் உடனே மோப்பம் பிடித்துவிடுவாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பலகைக்குப் பின்னால் நாங்கள் பொம்மையையும் பார்ப்பதில்லை, ஒருவரை ஒருவரும் பார்ப்பதில்லை. தரையில் ஒரு மானிட்டர் இருக்கும், இரண்டு பேர் கண்ணும் அதில்தான். வீட்டில் பிள்ளைகள் பார்ப்பது எதுவோ அதை மட்டும்தான் நாங்களும் பார்க்க வேண்டும். அத்தனை வருஷம் ஒட்டி நின்று வேலை செய்தும், அந்த நேரங்களில் அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் மூச்சுதான் தெரியும். பேசுவதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுப்பார். அந்த மூச்சில்தான் என் கை கிளம்பும்.

ஸ்டூடியோவுக்குள் பிள்ளைகள் வரக் கூடாது என்பது கறாரான சட்டம். காரணம் டமாரத்தின் நிறம். கறுப்பு வெள்ளை கேமராவில் பழுப்புத் துணி சேறு மாதிரித் தெரிந்தது, வெள்ளைத் துணி கண்ணைக் கூசவைத்தது. துணிக்கடையையே கேமரா முன்னால் பிரித்துப்போட்டுப் பார்த்ததில், அழகான சாம்பல் நிறமாக வந்தது கண்ணைக் குத்துகிற ரோஸ் துணிதான். ஆரம்பத்தில் ஒரு அதிகாரி தன் பையனைப் பெருமையாகக் கூட்டி வந்தார். ரோஸ் நிறத்தில், கை நுழையாமல், நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்த டமாரத்தைப் பார்த்து அந்தப் பையன் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. "இது டமாரம் இல்ல! டமாரத்தை என்ன பண்ணீங்க?" அன்றோடு கதவைச் சாத்தினார்கள். சொந்தப் பிள்ளையிடமும் சொல்லக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்காத குறை.

நாங்களும் சொல்லவில்லை. எங்கள் வாண்டுக்கு ஐந்து வயது. அப்பாவும் அம்மாவும் டிவி ஆபீசில் வேலை செய்கிறார்கள், டமாரமும் அங்கே வேலை செய்கிறது, அப்பாவுக்கும் டமாரத்துக்கும் நல்ல சிநேகம். அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். "இன்னிக்கு டமாரம் மத்தியானம் என்ன சாப்பிட்டுது?" என்று கேட்பாள். இவரும் சளைக்காமல் ஏதாவது அளந்துவிடுவார்.

ஒரு நாள் காலையில் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தவர் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. கை மரத்துப்போவது எங்கள் தொழிலில் சகஜம். தூக்கிய கையிலிருந்து ரத்தம் கீழே இறங்கி, அது யார் கையோ என்று ஆகிவிடும். இது ஆளே மொத்தமாக மரத்துப்போனது. யார் யாரோ வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். அதில் ஒரு அம்மாளின் ரவிக்கையில் ஒரு கொக்கி விட்டிருக்கிறதே, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். டைரக்டர் சின்னப் பிள்ளை மாதிரித் தேம்பினார். நான்தான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

துணைக்கு வந்து தங்கிய என் நாத்தனாருக்கு இது பொறுக்கவில்லை. தம்பியைப் பறிகொடுத்தவள், பாவம். "இப்படிப் பிடிச்சு வெச்ச பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்காதே. ஒரு வாட்டி வாய்விட்டு அழுதுடு, உடம்புக்கு ஆகாது" என்றாள்.

"வந்தா அழமாட்டேனா, அண்ணி?"

"அம்மாவும் அப்படி, பொண்ணும் அப்படி. அது என்னன்னா ரெண்டு வாய் தின்னுட்டுத் தட்டைத் தள்ளிடுது."

உண்மைதான். வாண்டும் அழவில்லை, சரியாகச் சாப்பிடவுமில்லை. எதற்கோ காத்திருக்கிறவள் மாதிரி இருந்தாள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் தலை சீவிவிடும்போது அவளே கேட்டாள்.

"அம்மா, டமாரத்துக்குத் தெரியுமா?"

"எது?"

"அப்பா செத்துப்போனது. யாராவது அதுகிட்ட சொன்னீங்களா?"

சீப்பு அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "இன்னும் இல்ல" என்றேன்.

"ஏன் சொல்லல? அப்பாவோட ஃப்ரெண்டு அது. தினமும் அப்பா வருவார்னு பாத்துக்கிட்டு இருக்கும்."

"சொல்றேன்."

"நீயே சொல்லு. மெதுவா சொல்லு, பயந்துக்கும்."

டமாரம் அப்போது திரையில் இல்லை. அதற்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்று அறிவித்திருந்தார்கள். வெந்நீர் குடி, கத்தாதே, கழுத்தில் துணி சுற்றிக்கொள் என்று ஊர்ப்பட்ட பிள்ளைகள் கடிதம் போட்டுக்கொண்டிருந்தன. மேலிடத்தில் இதற்கு மேல் பொறுக்க மாட்டார்கள் என்று டைரக்டர் வீட்டுக்கு வந்தார். கூடவே ஒல்லியாக ஒரு ஆள். மேடைகளில் பலகுரல் செய்கிறவன், எல்லாரும் மிமிக்ரி என்றே கூப்பிட்டார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. தலைக்கு இவரைப் போடலாம்னு இருக்கோம். ஆனா அந்தக் கை வேற யாருக்கும் வராது. நீங்க வந்தீங்கன்னா..." டைரக்டர் முடிக்கவில்லை.

மிமிக்ரி, "அக்கா, ஒரு தடவை பேசிக் காட்டட்டுமா?" என்றான். வாண்டு பக்கத்து வீட்டில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு, பேசு என்றேன்.

அச்சு அசல் டமாரம். அடுப்படியில் நாத்தனார் கையிலிருந்து ஏதோ விழுந்து உருண்டது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நன்றாக இருக்கிறது, கொஞ்சம் சுருதி தூக்கல் என்று தோன்றியது. "வர்றேன் சார்" என்றேன்.

ரிகர்சலில் மிமிக்ரி எல்லாரும் செய்கிற தப்பைச் செய்தான். மானிட்டரைக் கண்ணாடி என்று நினைத்துக்கொண்டான். கண்ணாடியில் நம் வலது, வலது பக்கமே தெரியும். மானிட்டரில் எதிரே நிற்கிற ஆளுக்குத் தெரிகிற மாதிரித் தெரியும். அதனால் டிவி அத்தை ஒரு பக்கம் நின்று பேச, டமாரம் எதிர்ப்பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. கேமராக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அது இரண்டு மூன்று நாளில் சரியாகிவிட்டது. சரியாகாதது மூச்சு. பலகுரல் ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள் போலிருக்கிறது. கையை எப்போது கிளப்புவது என்று எனக்குத் தாக்கலே கிடைக்கவில்லை. வார்த்தை போன பிறகு கை போனது, விருந்து முடிந்து வந்த விருந்தாளி மாதிரி.

"தம்பி, பேசறதுக்கு முன்னாடி கொஞ்சம் மூச்சு இழு. எனக்குக் கேக்கணும்."

"சரிக்கா."

இழுத்தான். அவன் மேல் வேறொரு சோப்பின் வாசனை வந்தது. என் கை போய்ச் சேர்ந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

நிகழ்ச்சி அன்று காலையில் வாண்டு வாசல்வரை வந்தாள். "இன்னிக்கு டமாரம் வேலைக்கு வருதில்ல? சொல்லிடுவியா?"

"சொல்றேன்."

சொல்லிவிட்டேன் என்று சாயங்காலம் வந்து ஒரு பொய் சொல்லிவிடலாம், பிள்ளைதானே என்றுதான் நினைத்திருந்தேன். அவள் விடவில்லை.

"நீ சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும். அதுக்குத்தான் எதையும் மறைக்கத் தெரியாதே."

அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தது. பொய்க்கு இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டாள். சொன்னால் டமாரம் உளறும். உளறவில்லை என்றால் அம்மா சொல்லவில்லை என்று அர்த்தம். மாடி வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து அதைத்தான் பார்க்கப் போகிறாள்.

ஸ்டூடியோவுக்குப் போனதும் டைரக்டரைப் பிடித்தேன். "சார், ஒரே ஒரு வரி. அதோட ஃப்ரெண்டு ஒருத்தர் செத்துட்டார்னு டிவி அத்தை அதுகிட்ட சொல்லட்டும்."

அவர் ஆடிப்போய்விட்டார். "என்னம்மா நீங்க! குழந்தைங்க பாக்கற நிகழ்ச்சி. சாவு கீவுன்னு பேசினா மேலிடத்துல என் தோலை உரிச்சுத் தொங்க விட்டுடுவாங்க."

"எங்க வாண்டு கேக்கறா சார்."

"வீட்டுல சொல்லிப் புரிய வைங்கம்மா." கண் கலங்கிவிட்டது அவருக்கு. கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர். நானும் சரி சார் என்று வந்துவிட்டேன். டிவி அத்தை பக்கத்தில்தான் புருவம் வரைந்துகொண்டிருந்தாள். கேட்டிருப்பாள்.

உள்ளங்கையில் பவுடர் போட்டுக்கொண்டேன். டமாரத்தின் கை உறைக்குள் என் கை வழுக்கிக்கொண்டு போவதற்காக எப்போதும் போடுவதுதான். எவ்வளவு கழுவினாலும் அது ரேகைக்குள் தங்கிவிடும். கைக்குழந்தையில் வாண்டு அழுதபோது உள்ளங்கையால் துடைத்துவிட்டதில், கண் எரிந்து அவள் இன்னும் வீறிட்டாள். அதிலிருந்து புறங்கையால்தான் துடைப்பேன். மூக்கிலிருந்து காதுப்பக்கமாக ஒரு இழுப்பு, மறுபடி ஒரு இழுப்பு. பழகிவிட்டது.

சிவப்பு விளக்கு எரிந்தது. பலகைக்கு மேலே டமாரம் எழுந்தது.

"அடடே, டமாரம்! தொண்டை சரியாயிடுச்சா?" என்றாள் டிவி அத்தை.

"சரியாயிடுச்சு அத்தை! இப்ப நான் பேச ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாது!"

மானிட்டரில் அதே டமாரம், அதே குரல். பக்கத்தில் இருப்பது யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துப் பழக்கமும் இல்லை. கண் மானிட்டரில் இருந்தவரைக்கும் எதுவும் மாறவில்லை. வேலை ஓடியது. முகவாயைச் சொறிந்தேன், விரலை ஆட்டினேன், காதைக் குடைந்தேன். அடுத்தது கைதட்டல்.

"எல்லாரும் ஜோரா ஒரு தடவை கை தட்டலாமா?" என்றது டமாரம். மிமிக்ரி மூச்சு இழுத்தான். இடது கை வந்து நடுவில் நின்றது.

என் கை வரவில்லை.

வேண்டுமென்று செய்தேன் என்று எழுதாதீர்கள். நான் எதையும் நினைக்கவே இல்லை. மானிட்டரில் டமாரத்தின் ஒற்றைக் கை அந்தரத்தில் காத்துக்கொண்டிருந்தது. அது அவருடைய கை இருக்க வேண்டிய இடம். பிறகு வலது கை மெதுவாக மேலே போவதைப் பார்த்தேன், யாரோ செய்கிற மாதிரி. அது டமாரத்தின் கண்ணுக்குப் போய்ப் புறங்கையால் ஒரு தடவை துடைத்தது. மறுபடி ஒரு தடவை துடைத்தது.

மிமிக்ரி நின்றுவிட்டான். நேரலையில் யாரும் பேசாமல் இருப்பது கிணற்றுக்குள் விழுந்துகொண்டே இருக்கிற மாதிரி. அவன் செய்யக் கூடாததைச் செய்தான். மானிட்டரிலிருந்து கண்ணை எடுத்து, குனிந்து என் முகத்தைப் பார்த்தான். அந்த இடத்தில் என் முகத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு நிமிர்ந்தான். டமாரத்தின் தலை மெல்லச் சாய்ந்து என் கை மேல் படுத்துக்கொண்டது.

டிவி அத்தை கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள். "டமாரம், உன்கிட்ட யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

ஒரு மூச்சு. நன்றாக, எனக்குக் கேட்கிற மாதிரி. "சொன்னாங்க அத்தை."

"என்ன சொன்னாங்க?"

"எனக்கு ஒரு ஃப்ரெண்டு இருந்தார். என்கூடவே வேலை பாத்தார். அவர் செத்துப்போயிட்டாராம்."

இந்த இடத்தில் நான் வாயைப் பொத்த வேண்டும். எந்த ரகசியத்தை உளறினாலும் பொத்துவேன். அன்று கை அங்கே போகவில்லை.

"இதை மட்டும் யார்கிட்டயும் சொல்லாம வெச்சுக்கலாம்னு பாத்தேன்" என்றது டமாரம். "முடியல."

"முடியலன்னா சொல்லிடணும். சொன்னது நல்லது" என்று டிவி அத்தை டமாரத்தின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். உறையும் பஞ்சும் நடுவில் இருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மானிட்டரில்தான் பார்த்தேன். பாட்டு போடும்வரை அவள் விடவில்லை.

விளக்கு அணைந்ததும் டைரக்டர் வந்தார். "மேலிடத்துல கேட்டா நான் என்னத்தம்மா சொல்றது?" என்றார்.

"டமாரம் உளறிடுச்சுன்னு சொல்லுங்க சார்."

மிமிக்ரி டமாரத்தின் தலையைப் பெட்டிக்குள் வைத்து முகத்தைத் துணியால் மூடினான். அதற்கப்புறம் வந்த கடிதங்களைப் பற்றித்தான் புத்தகங்களில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். செத்துப்போன நாய், செத்துப்போன தங்கச்சி, திரும்பி வராத அம்மா என்று எல்லாவற்றையும் பிள்ளைகள் டமாரத்துக்கு எழுதின. அதெல்லாம் பிற்பாடு.

அன்று நான் வீட்டுக்குப் போனபோது நாத்தனார் கதவைத் திறந்தாள். மூக்கு சிவந்திருந்தது. "மாடியில பார்த்துட்டு வந்தா. அங்கேயே ஒரு பாட்டம் அழுது தீர்த்துட்டா. இப்ப தானா தட்டை எடுத்து வெச்சுக்கிட்டுச் சாப்பிடறா" என்றாள் கிசுகிசுப்பாக.

வாண்டு தட்டை வழித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"சொல்லிட்டியாம்மா?"

"ம்."

"மெதுவா சொன்னியா?"

"மெதுவாத்தான் சொன்னேன்."

"அழுதுதும்மா அது. கண்ணைத் துடைச்சுக்கிச்சு. நீ எனக்குத் துடைப்பியே, அப்படி."

"எப்படி?" என்றேன்.

சாப்பிட்ட கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து கிட்டே வந்தாள். டமாரம் துடைத்துக்கொண்டதை அவள் தன் முகத்தில் செய்து காட்டவில்லை. என் முகத்தில் செய்தாள். மூக்கிலிருந்து காதுப்பக்கமாக ஒரு இழுப்பு. மறுபடி ஒரு இழுப்பு. பிறகு தன் புறங்கையைத் திருப்பி என்னிடம் காட்டினாள்.

ஈரமாக இருந்தது.